மிதித்தால் பேசும் வானொலி

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, அம்பத்தூரில் எங்கள் தெருவின் மின்கம்பங்களும் சாய்ந்தன. நான்கு நாட்கள் இருட்டு. இரண்டாம் நாள் மாலை, தொழிற்பேட்டையில் சிறு பட்டறை நடத்தும் பக்கத்து வீட்டுக்காரர், மோட்டார் எரிந்துபோன ஒரு டிரில்லிங் மெஷினின் பேட்டரியைக் கொண்டுவந்தார். அதனுள்ளே விரல் தடிமனில் லித்தியம் மின்கலங்கள் ஐந்து தொடராக இணைந்திருக்கும். மொத்தம் 18 வோல்ட். காரில் செருகும் செல்பேசி சார்ஜர் 24 வோல்ட் வரை தாங்கும் என்பதை அவர் அறிவார். பழைய காரொன்றிலிருந்து கழற்றிய சிகரெட் லைட்டர் குழியை இரு கம்பிகளால் பேட்டரியோடு இணைத்து, நடுவே மறக்காமல் ஒரு ஃபியூஸையும் வைத்தார். தெருவே வரிசையில் நின்றது.

அந்த வரிசையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் தெருவில் குடியிருக்கும் பெரியவர் ஒருவரும் இருந்தார். சற்று நேரம் பார்த்துவிட்டு, "நாங்கள் இதுக்குக் காலாலதான் உழைச்சனாங்கள், சேர்" என்றார். இக்கட்டுரை அந்த ஒற்றை வாக்கியத்திலிருந்து பிறந்தது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. தொடர்ந்து பொருளாதாரத் தடை. எரிபொருளும் உரமும் சிமெந்தும் மட்டுமின்றி, வானொலிக்குப் போடும் சாதாரண உலர் மின்கலமும் தடைப்பட்டியலில் இருந்தது. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெயும் ஒரு திரியும் இட்டு மாணவர்கள் படித்தார்கள். 'உதயன்' நாளிதழ் கோடு போட்ட பயிற்சிக் கொப்பித் தாளில் அச்சாகி வந்தது. சிற்றிதழ்களின் தாள் தரத்தைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளும் நாம் இதை அவ்வப்போது நினைத்துக்கொள்ளலாம்.

விளக்குக்கு மாற்று கிடைத்துவிட்டது. செய்திக்கு? எந்த ஊரில் குண்டு விழுந்தது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதை அறிவது உயிர்ப் பிரச்சினை. இலண்டனிலிருந்து வரும் பிபிசி தமிழோசையைக் கேட்க வானொலிப் பெட்டி இருந்தது, மின்சாரம் இல்லை. ஆனால் பெட்ரோல் அற்றுப்போன அந்த நிலத்தில் சைக்கிள் வீடுதோறும் இருந்தது. அதில் முகப்பு விளக்குக்கான டைனமோவும் இருந்தது.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தியோ ஸ்டாண்டில் ஏற்றியோ பின்சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். டயரில் உரசிச் சுழலும் டைனமோ ஏறத்தாழ 6 வோல்ட், 3 வாட் தரும். டைனமோ என்ற பெயரே சற்றுப் பிழையானது. காந்தம் சுழன்று கம்பிச்சுருளில் பிறப்பிப்பது மாறுதிசை மின்னோட்டம். வானொலிக்கு வேண்டியது நேர்திசை மின்னோட்டம். பழுதான பெட்டிகளிலிருந்து கழற்றிய நான்கு டயோடுகளையும் ஒரு மின்தேக்கியையும் இணைத்தால் அந்தக் குறை தீரும். தீராத குறை, மிதிப்பவரின் களைப்பு. "பெடல் மிதிக்கிறவன் களைச்சால் லண்டன் குரலும் இறங்கிப்போம், எல்லாரும் சேர்ந்து அவனை ஏசுவினம்" என்று பெரியவர் சிரித்தார். ஒருவர் மிதிக்கப் பத்துப் பேர் கேட்ட செய்தி அது. 1995 அக்டோபர் இறுதியில் ஊரே இடம்பெயர்ந்தபோது அந்தச் சைக்கிள்களே மூட்டை சுமந்தன.

இதே ஆண்டுகளில், 1991இல், இங்கிலாந்தில் ட்ரெவர் பேலிஸ் என்பவர் மின்கலமில்லா வானொலி ஒன்றைச் சிந்தித்துக்கொண்டிருந்தார். ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் பரவுவதைப் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சி அவரைத் தூண்டியது. கையால் சுற்றித் துளையிடும் பழைய கருவியொன்றால் ஒரு சிறு மோட்டாரைச் சுழற்றி, அதிலிருந்து வானொலியைப் பேசவைத்துப் பார்த்தார் அவர். பின்னர் அது சாவி கொடுத்து இயக்கும் வானொலியாகி விற்பனைக்கு வந்தது. 1997இல் அவருக்கு அரச விருது கிட்டியது. தகுதியான மனிதர்தாம், ஐயமில்லை. யாழ்ப்பாணத்தில் முதன்முதலாக டைனமோவின் கம்பியை வானொலிக்குத் திருப்பியவர் பெயரோ எந்த ஆவணத்திலும் ஏறவில்லை. புலவர்களின் காலத்தை நிறுவப் பக்கம்பக்கமாக வாதிடும் எங்கள் தமிழ்த்துறையினர், கருவிகளின் வரலாற்றை ஒரு பொருளாக மதித்ததில்லை. நானும் அவர்களில் ஒருவன்.

இதையெல்லாம் உற்சாகமாக நான் சொல்லப்போக, பெரியவர் என்னை நிறுத்தினார். "அதைத் திறமை எண்டு எழுதிப்போடாதேங்கோ, சேர். ஒரு பற்றரி கிடைச்சிருந்தால் ஒருத்தனும் மிதிச்சிருக்கமாட்டான்."

நான்காம் நாள் இரவு மின்சாரம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தம் பேட்டரியைப் பட்டறைக்கே எடுத்துச் சென்றுவிட்டார். 2017 ஏப்ரல் 30 அன்று தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது. அந்தக் கடைசி நிகழ்ச்சியைப் பெரியவர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, சுவர்ப் பிளக்கில் செருகிய பெட்டியில் கேட்டார். முடிந்தபின்னும் சற்று நேரம் அந்த இரைச்சலை அணைக்கவில்லை.