மெய்நிகர் விளையாட்டும் கணினியின் வலுவும்

மெய்நிகர் விளையாட்டுக்கான கணினியின் தேவையை முடிவுசெய்தது படத்தின் அழகைவிட அது வரும் வேகம்தான். தலையைத் திருப்பியதும் காட்சியும் உடன் திரும்பாவிட்டால் குமட்டல் வரும். 2013-இல் வந்த, தலையில் அணியும் ஆக்குலஸ் ரிஃப்டின் முதல் சோதனைக் கருவி, 1280×800 புள்ளிகளை விநாடிக்கு 60 முறை காட்டியது. உலகமே கொசுவலை வழியாகத் தெரிந்தது.

விற்பனைக்கான ரிஃப்ட் 2016 மார்ச்சில் வந்தது. அதற்குரிய கணினியை ஆக்குலஸ் நிறுவனம் முந்தைய ஆண்டு மே மாதமே அறிவித்திருந்தது: ஜிடிஎக்ஸ் 970 கிராபிக்ஸ் கார்டு, இன்டெல் ஐ5-4590 பிராசசர், 8 ஜிபி ரேம். காரணம் வெறும் கணக்கு. முழு எச்டி திரையில் விநாடிக்கு 60 படம் என்றால் சுமார் 12.4 கோடி புள்ளிகள். ரிஃப்டின் 2160×1200 திரைக்கு, 90 படம் வீதம், 23.3 கோடி. லென்ஸ் உண்டாக்கும் கோணலை ஈடுகட்டப் படத்தைப் பெரிதாக வரைந்து பிறகு வளைக்க வேண்டியிருந்ததால், வேலை 40 கோடியைத் தொட்டது. ஒரு படத்துக்குக் கிடைத்த அவகாசம் 11 மில்லிவிநாடி. அன்றைய மடிக்கணினிகள் பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிட்டன.

2016 அக்டோபரில் மென்பொருள் கைகொடுத்தது. கணினி 45 படங்களை வரைந்தால் போதும், இடைப்பட்டவற்றை ஊகித்து நிரப்பும் உத்தி வந்தது. ஜிடிஎக்ஸ் 960-உம் ஐ3 பிராசசரும் உள்ளே நுழைந்தன. 2019-இல் வந்த குவெஸ்ட் தலைக்கருவி, செல்பேசிச் சில்லு ஒன்றை வைத்துக் கணினியே இல்லாமல் இயங்கியது. ஆனாலும் 2020-இல் வெளியான ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் என்ற விளையாட்டு, கணினியில் குறைந்தபட்சம் 12 ஜிபி ரேம் கேட்டது.