நான்கு பேர் அறை: சிவகாசிப் பட்டாசு வட்டாரத்தில் கூடுதலும் பிரிதலும்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளின் பட்டாசு ஆலை ஒன்றை முதன்முறை பார்ப்பவர் அதை ஆலை என்று எளிதில் நம்பமாட்டார். புகைபோக்கி கிடையாது, நீண்ட கூடம் கிடையாது. கரிசல் வெளியில் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் சிறு அறைகள்தாம் ஆலை. தப்பி ஓட வசதியாக அறைக்கு எதிரெதிரே வாசல்கள், நடுவில் வெட்டவெளி. ஓர் அறையில் ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்பது வெடிபொருள் விதி. மருந்து கலக்கும் அறையிலும் செலுத்தும் அறையிலும் இருவருக்குத்தான் அனுமதி. ஒரு தீப்பொறி எத்தனை உயிரைத் தொட முடியும் என்று கணக்கிட்டு வகுத்த விதி இது. அதன் நியாயத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அது உயிர்காப்பு ஏற்பாடாக மட்டும் நின்றுவிடவில்லை. இந்த வட்டாரத்துத் தொழிலாளர் சமூகத்தின் உருவத்தையே வரையறுத்திருக்கிறது. ஆட்களைப் பிரித்துவைக்கும் சட்டம், அவர்கள் வேறு வகையில் கூட வழி செய்யாததால், தன் காவலைத் தானே இழந்து நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பொருள் கூடும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஒரு பட்டாசு பல இடங்களில் பிறக்கிறது. காகிதக் குழாய் ஓரிடத்தில் உருட்டப்படுகிறது. திரி வேறோர் இடத்தில் தோய்த்து, காயவைத்து, அளவாக வெட்டப்படுகிறது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி, கரி ஆகியவை சலிக்கப்பட்டு, கலவை அறையில் மருந்தாகின்றன. பேன்சி ரகங்களுக்கு மணிமருந்து தனியே உருட்டப்படும். பிறகு மருந்து செலுத்துதல், திரி மாட்டுதல், சரம் பின்னுதல், லேபிள் ஒட்டுதல், பேக்கிங். மருந்து ஏறாதவரை குழாய் வெறும் காகிதம். ஒவ்வோர் உறுப்பும் தன் அறையில் ஏறக்குறையச் சாதுவானது. சேரச் சேரத்தான் ஆபத்து கூடுகிறது. ஆகவே ஆலையின் அமைப்பு முழுவதும் ‘எந்தக் கட்டத்தில், எவ்வளவு மருந்து, எத்தனை பேர்’ என்ற ஒரே கேள்விக்கான விடையாக இருக்கிறது.

கார்ல் மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் கைத்தொழில் உற்பத்தியை இரு வகையாகப் பிரித்தார். கடிகாரம் போல, உறுப்புகள் தனித்தனியே செய்யப்பட்டு இறுதியில் ஒருவர் கையில் இணைவது ஒன்று. ஒரே பொருள் அடுத்தடுத்த கைகளில் படிப்படியாக மாறிச் செல்வது மற்றொன்று. முதல் வகையில் தொழிலாளர்களை ஒரே கூரையின் கீழ் திரட்ட வேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லை என்பது அவருடைய கூர்மையான கவனிப்பு. பட்டாசு பெரும்பாலும் இந்த முதல் வகையைச் சேர்ந்தது. இதற்கு நேர் எதிரான உதாரணம் அமெரிக்காவில் கிடைக்கிறது. 1913-இல் ஹென்றி ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் பொருத்துவரிசை வந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே வரிசையில் நின்றார்கள். ஓரிடத்தில் கை நின்றால் வரிசை முழுவதும் நின்றது. 1936 டிசம்பர் 30-இல் ஃபிளின்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டபோது அந்த அமைப்பின் மறுபக்கம் தெரிந்தது. 1937 பிப்ரவரி 11-இல் நிர்வாகம் சங்கத்தை ஏற்றுக்கொண்டது. பொருளைக் கூட்டும் வரிசையே மனிதர்களையும் கூட்டிவிட்டது. சிவகாசியில் அந்த வரிசை கிடையாது, இருக்கவும் கூடாது. ஓர் அறையின் நால்வருக்குப் பக்கத்து அறையில் என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை பேர் என்பது தெரிய வழியில்லை. கூலியும் செய்த எண்ணிக்கைக்கு ஏற்ப என்பதால், எழுந்துபோய்ப் பார்ப்பவர் அன்றைய வருமானத்தை இழக்கிறார்.

இதே மண்ணில் வணிகச் சமூகம் வளர்ந்த விதத்தை இதன் அருகில் வைத்துப் பார்ப்பது அவசியம். விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஊர்களின் நாடார் உறவின்முறை என்னும் சாதி அவைகளைப் பற்றி ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியுள்ளார். வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக எடுத்துப் பொதுநிதி சேர்த்தார்கள். அந்த நிதி வணிகர் தங்கும் பேட்டையானது, கிணறானது, கோயிலானது, பள்ளியானது. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1889-இல் தோன்றியது. வீட்டுக்கு வீடு சேர்த்த பிடியரிசியும் அதற்கு உரமிட்டது. காமராசர் படித்த பள்ளி அது. 1899-இல் நாடார்களுக்கு எதிரான கலவரத்தில் சிவகாசி தாக்கப்பட்ட அனுபவம், கூடி நிற்பதன் தேவையை அந்தச் சமூகத்துக்கு ரத்தத்தில் எழுதிக் காட்டியது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததை ஊர் இன்றும் பெருமையோடு சொல்கிறது. அந்தப் பெருமைக்கு உரியவர்கள்தாம். ஆனால் தனிமனிதத் துணிவு தொழிற்பேட்டையாக விரிந்ததற்கு, கடன், நம்பிக்கை, தகவல் ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ளும் அவை ஒன்று ஏற்கெனவே இருந்தது பெருங்காரணம் என்று நான் கருதுகிறேன். அது பிறப்பால் அமைந்த அவை, குடும்பத் தலைவர்களான ஆண்களின் அவை. பின்னாளில் அறைகளுக்குள் வந்து அமர்ந்த பல சாதிப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் அதில் இடமில்லை. அதற்கு ஈடாக வேறொன்றும் அமையவில்லை.

அரசியல் அவையிலும் விருதுநகர் சிறிய பெயரல்ல. 1956-இல் சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடுவது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக சங்கரலிங்கனார் இங்கே உண்ணாநோன்பிருந்து, 76 நாள்களுக்குப் பின் அக்டோபர் 13 அன்று உயிர்நீத்தார். தேசபந்து மைதானத்தில் எழுந்த அந்தக் கோரிக்கை சட்டமன்றத் தீர்மானமாக 1967 ஜூலை 18 வரை காத்திருந்தது. அதே ஆண்டுத் தேர்தலில், சாத்தூரிலிருந்து இருமுறை சட்டமன்றம் சென்ற காமராசர், விருதுநகரில் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். மைதானமும் வாக்குச்சீட்டும் எவ்வளவு வலிமையானவை என்பதை இந்த ஊருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அந்த வலிமை ஆலை வாசலோடு நின்றுவிடுகிறது என்பதுதான் வேதனை.

வாசலுக்கு உள்ளே நடப்பது என்ன? உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். மருந்தின் அளவுக்கேற்ப, உரிமம் தரும் அலுவலகத்தை வைத்து நாக்பூர் உரிமம், சென்னை உரிமம், டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) உரிமம் என்று வட்டாரத்தில் சொல்வார்கள். அறைகள் சில ஆலைகளில் பலருக்கு உள்குத்தகையாகப் போகின்றன. குத்தகைதாரர் எடுத்தது சில அறைகள்தாம், காலமும் தீபாவளி வரைதான். எனவே அறைக்கு ஆள் கூடுகிறது, மரத்தடியிலும் வேலை நடக்கிறது, அனுமதித்த அளவைத் தாண்டி மருந்து கலக்கப்படுகிறது. போர்மேன் ஒருவர் இத்தனை கைகளையும் கண்காணிக்க முடியாது. 2021 பிப்ரவரி 12-இல் அச்சன்குளம் ஆலை வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும், 2024 மே 9-இல் செங்கமலப்பட்டியில் 10 பேர் இறந்தபோதும் ‘உராய்வு’ என்ற சொல்லே செய்திகளில் முன்னால் வந்தது. உராய்வு உடனடிக் காரணம். ஒரே உராய்வில் இத்தனை பேர் போவதற்கு, பிரிந்திருக்க வேண்டியவை முன்பே கூடியிருக்க வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும்: கூட்டம்தானே கொல்கிறது, தொழிலாளர் கூடுவதை எப்படி மருந்தென்று சொல்வது? 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அவர்களில் பலர் முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்தவர்கள். மறுப்பு வலுவானது. ஆனால் உடல்கள் ஓரிடத்தில் நெருங்குவதும், மனிதர்கள் ஒரு முடிவுக்காக இணைவதும் ஒன்றல்ல. யார் ஓடலாம், யார் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்த அமைப்பு ஊரில் இல்லாததால்தான் இரக்கமே அங்கே உயிரிழப்பானது. நெருக்கத்தைத் தடுக்கவே இணைப்பு வேண்டும்.

இணையும் ஆற்றல் இல்லாமலும் இல்லை. 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசையும் சரவெடியையும் தடுத்தபின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. அப்போது பட்டாசுத் தொழிலாளர்கள் விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன் பெருந்திரளாகக் கூடினார்கள். வேலை போகும் என்றபோது முதலாளியும் தொழிலாளியும் ஒரே பக்கம் நின்றார்கள். அது இயல்பே. வேலைக்குப் போன இடத்தில் உயிர் போகும் என்ற கேள்வியில் அந்தத் திரட்சியைக் காண முடியவில்லை. தொழிற்சங்கங்கள் இங்கே உண்டு; ஆனால் ஆலை வண்டியில் வெவ்வேறு கிராமங்களிலிருந்து வந்து, முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு, எண்ணிக்கைக் கூலிக்கு வேலைசெய்யும் நால்வர் நால்வரான மக்களை நாள்தோறும் இணைத்து வைப்பது எந்தச் சங்கத்துக்கும் கடினம்.

போபால் நச்சுக்கசிவுக்குப் பின், 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு 41-ஜி இந்த இணைப்புக்கு ஒரு வாசலைத் திறந்தது. ஆபத்தான செய்முறை நடக்கும் ஆலைகளில் தொழிலாளர், நிர்வாகம் இரு தரப்பிலும் சம எண்ணிக்கையினர் கொண்ட பாதுகாப்புக் குழு வேண்டும் என்றது அது. அடுத்த பிரிவான 41-எச், உடனடி ஆபத்து இருப்பதாக அஞ்சும் தொழிலாளிக்கு அதைச் சொல்லும் உரிமையைத் தந்தது. ஆனால் இப்பிரிவுகள் தனி ஆலையை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. உள்குத்தகையால் துண்டான ஆலையில் ‘நிர்வாகம்’ யார் என்பதே தெளிவில்லை. ஆகவே குழு ஆலைக்கு ஆலை என்றில்லாமல், வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி என வட்டார அளவில் அமைய வேண்டும். அறைகளில் அமரும் பெண்கள் அதில் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதன் கூட்டம் ஆலைக்கு வெளியே, கூலி இழப்பின்றி நடக்கவேண்டும். அறைவாரியான ஆள்பட்டியல், அன்றாட மருந்துக் கையிருப்பு, அறையை உண்மையில் நடத்துபவரின் பெயர் ஆகிய மூன்றையும் கேட்டுப் பெறவும், கணக்குப் பொருந்தாத அறையை அன்றைக்கே மூடச் சொல்லவும் அதற்கு அதிகாரம் வேண்டும். இந்த மூன்று தகவல்களும் இன்று ஆய்வாளர் வரும் நாளில்தான் தேடப்படுகின்றன. அறையில் இருப்பவர்களுக்கு அவை தினமும் தெரிந்தாக வேண்டும்.