128 என்ற எண்

சிடியைக் கணினியில் போட்டுப் பாட்டுகளைக் கையடக்கக் கருவிக்கு மாற்றியவர்களுக்கு அந்தப் பட்டியல் நினைவிருக்கும். 128, 160, 192, 256, 320. நொடிக்கு எத்தனை கிலோபிட் வேண்டும் என்று மென்பொருள் கேட்கும். முக்கால்வாசிப் பேர் இருந்ததை இருந்தபடியே விட்டு ‘ஓகே’ அழுத்திவிட்டுப் போனோம். ஏதோ காது மருத்துவர் அளந்து கொடுத்த எண்கள் போலத்தான் அவை தோன்றும். ஆனால் 128 வந்தது தொலைபேசிக் கம்பியிலிருந்து.

1982இல் சோனியும் ஃபிலிப்ஸும் கொண்டுவந்த சிடியில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வொரு அளவும் 16 பிட், இடம் வலம் என இரண்டு தடங்கள். பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், அதற்கு 40,000க்குச் சற்று மேல் போதும். மிச்சம் 4,100 எதற்கு என்றால், அன்றைக்கு டிஜிட்டல் ஒலியைப் பதிந்து வைக்க வீடியோ டேப்தான் கிடைத்தது. அதன் வரிக்கணக்குக்கு ஒத்துவந்த எண் 44,100. ஆக அங்கேயும் காது பாதி, டேப் பாதி.

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் டீட்டர் சைட்சர் என்ற பேராசிரியருக்கு ஓர் ஆசை: தொலைபேசிக் கம்பி வழியாக வீட்டுக்கு இசை அனுப்ப வேண்டும். அப்போது வரவிருந்த ஐஎஸ்டிஎன் இணைப்பில் 64 கிலோபிட் தடங்கள் இரண்டு, சேர்த்தால் 128. சிடியின் 1,411ஐ அதற்குள் அடைக்க வேண்டுமென்றால் பதினொன்றில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும். காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், முடியாத காரியம் என்று அதிகாரி நிராகரித்துவிட்டார். பிறகு சைட்சர் அந்த வேலையை கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் என்ற ஆய்வு மாணவரிடம் கொடுத்தார். எம்பி3யின் வேர் அதுதான்.

தந்திரம் காதின் ஒரு பலவீனத்தில் இருக்கிறது. தவில் ஓங்கி விழும் கணத்தில் பக்கத்துச் சீட்டுக்காரர் தொண்டையைச் செருமினால் நமக்குக் கேட்காது. பெரிய ஒலி தன் அருகில் இருக்கும் சின்ன ஒலியை மறைத்துவிடும். அப்படி மறைகிற இடமாகப் பார்த்துப் பிட்டுகளைக் குறைத்தால், அதனால் வரும் பிழையும் அங்கேயே ஒளிந்துகொள்ளும். கேட்க எளிது, செய்வது அத்தனை எளிதாக இல்லை. சூசன் வேகாவின் ‘டாம்ஸ் டைனர்’ பாட்டை, வாத்தியமே இல்லாத ஒற்றைக் குரலை, பிராண்டன்பர்க் தன் முறையில் சுருக்கிப் பார்த்தபோது குரல் குதறப்பட்டு வந்தது. மறைத்துக்கொள்ள அங்கே வேறு ஒலியே இல்லை. அதைச் சரிசெய்ய அந்தப் பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

இன்னொரு சிக்கல் தாளத்தில். எம்பி3 ஒலியைத் துண்டு துண்டாக எடுத்துச் சுருக்குகிறது. ஒரு துண்டின் முன்பாதி அமைதி, பின்பாதியில் பளீரென்று ஓர் அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிழை துண்டு முழுக்கப் பரவி, அடி விழும் முன்பே ‘புஸ்’ஸென்று கேட்டுவிடும். இதற்குத் துண்டைச் சிறிதாக்கும் வழி வைத்திருக்கிறார்கள், ஆனால் அதற்குப் பிட் கூடுதலாகச் செலவாகும். ஆய்வாளர்கள் ஸ்பெயின் நாட்டுக் காஸ்டனெட் கட்டைகளை வைத்துச் சோதித்தார்கள். எனக்கு மிருதங்கம். 128இல் சாப்பின் முனை மழுங்கும். 192க்கு மேல் போனால் சிடிக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரிவதில்லை. தெரியும் என்று சத்தியம் செய்யும் நண்பர்கள் உண்டு. கண்ணைக் கட்டிவிட்டுச் சோதித்தால் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

1998இல் வந்த ரியோ கருவியில் இருந்தது 32 எம்பி. 128 வைத்தால் அரை மணி நேரத்துப் பாட்டு, 64க்கு இறக்கினால் ஒரு மணி நேரம். தேர்வு செய்தது காதல்ல, இடம். அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் அந்தக் கருவியையே தடுக்க வழக்குப் போட்டது. காசு கொடுத்து வாங்கிய பாட்டைத் தன் வசதிக்குப் படியெடுப்பதில் தவறில்லை என்று 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2001இல் ஐபாட், 5 ஜிபி, சட்டைப்பையில் ஆயிரம் பாட்டு என்ற விளம்பரம். அது வெறும் பெருக்கல் கணக்கு: பாட்டுக்கு நான்கு நிமிடம், நொடிக்கு 160 கிலோபிட், ஆயிரம் பாட்டுக்கு 4.8 ஜிபி.

என் சித்தப்பா அந்தக் காலத்தில் ஏறக்குறைய முந்நூறு கச்சேரி சிடிகளை 128இல் எடுத்து வைத்துக்கொண்டு, தட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். அவற்றில் பல மறுபடி வெளிவரவே இல்லை. ‘ஏன் சித்தப்பா, 320 வெச்சிருக்கலாமே’ என்றால், ‘அப்ப ஹார்ட் டிஸ்க் என்ன விலை வித்துச்சுன்னு தெரியுமாடா? நூறு சிடிலயே ரொம்பியிருக்கும்’ என்பார். நியாயமான பதில். ஆனால் இந்தத் தேர்வு ஒருவழிப்பாதை. 128ஐ எடுத்து 320 ஆக மாற்றினால் கோப்புதான் பெருக்கும், போன சாப்பு வராது. இன்னொரு முறை சுருக்குவதால் இருப்பதும் கொஞ்சம் தேயும். எதையும் கழிக்காமல் பாதியளவுக்குச் சுருக்கும் ஃப்ளாக் 2001லேயே வந்துவிட்டது, ஆனால் ஐபாட் அதைத் தொடவில்லை. ஆப்பிள் தன் சொந்த இழப்பில்லா முறையைக் கொண்டுவந்தது 2004இல். அதற்குள் சித்தப்பாவின் தட்டுகள் போய்ச் சேர்ந்திருந்தன.

போன வருடம் அவர் வீட்டுப் பரணில் எட்டு சிடிகள் கிடைத்தன. ஏழை ஃப்ளாக்கில் எடுத்துவிட்டேன். எட்டாவதில் ஆழமான கீறல். தனி ஆவர்த்தனம் வரும் தடத்தை எந்த டிரைவும் படிக்க மறுக்கிறது. அதற்கு மட்டும் சித்தப்பாவின் 128ஐத்தான் எடுத்துச் சேர்த்திருக்கிறேன்.