பாவு

ஆரணி என்றதும் பலர் கோட்டையில் தொடங்குவார்கள். 1751இல் ராபர்ட் கிளைவ் இங்கே போரிட்டார். 1782இல் ஹைதர் அலியின் படையும் கும்பினிப் படையும் இங்கே மோதின. வேறு சிலர் ‘ஆறு அணிந்த ஊர்’ என்று பெயருக்குப் பொருள் சொல்லி, கமண்டல நாகநதிக் கரைக்கு அழைத்துப் போவார்கள். கேட்க அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். ஊரின் குணம் உருவான இடம் எது என்று என்னைக் கேட்டால், நெசவாளர் தெருவைக் காட்டுவேன்.

தறியில் நீளவாக்கில் கிடக்கும் இழைகள் பாவு. அவற்றின் ஊடே குறுக்காக ஓடுவது ஊடை. பாவுதல் என்றால் பரவுதல், பரப்புதல். தரைக்குக் கல் பாவுகிறோம். கால் தரையில் பாவாமல் நடக்கிறவர்களும் நம்மிடையே உண்டு. உழவர் நாற்றங்காலில் விதை தெளிப்பதும் நாற்றுப் பாவுதல்தான். பட்டுக்கும் அரிசிக்கும் பேர்போன ஊரில், தெருவும் வயலும் ஒரே வினையைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன.

சொல்லில் மட்டுமா பங்கு? சாயம் தோய்த்த பட்டிழைக்கு விறைப்பு ஏற்றுவது அரிசிக் கஞ்சி. ஒரு பாவில் மூன்று சேலை என்பது பட்டுத் தறியில் பழகிய கணக்கு. சேலைக்கு ஆறு கஜம் என்றாலும் பதினெட்டுக்குக் குறையாது. எந்த வீட்டுக் கூடமும் அதைத் தாங்காது. அதனால் வெயில் ஏறுமுன் தெருவில் இரு முனையிலும் இழுத்துக் கட்டி, கஞ்சி ஊட்டி, பாவாற்றி என்னும் குச்சால் நீவி, இழையோடு இழை ஒட்டாமல் பிரிப்பார்கள். அறுந்த இழை கண்ணில் பட்டால் அங்கேயே முடிந்துவிட வேண்டும். தறி ஏறிய பிறகு அது சேலையில் குறையாகிவிடும். பாவு கிடக்கும் தெருவில் வண்டிதான் சுற்றிப் போக வேண்டும்.

சேலத்தில் இப்படிப் பாவு நீட்டும் வெளிக்குப் பாவடி என்றே பெயர். நெசவாளர் குடியிருப்பு கலைந்தாலும் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், சிமென்ட் பாவிய தெருவில் பாவு கட்ட முளை இறங்காது. இப்போது பாவு பெரும்பாலும் முதலாளியிடமிருந்தோ கூட்டுறவுச் சங்கத்திலிருந்தோ தறிக்காரர் கைக்கு வருகிறது. அதோடு சொல்லின் பொருளும் நகர்ந்துவிட்டது. “பாவு இல்லை” என்று ஒரு தறிக்காரர் சொன்னால், அவர் இழையைப் பற்றிப் பேசவில்லை. கையில் வேலை இல்லை என்கிறார்.