குழந்தையின்மையும் 17ஆம் எண் விலக்கும்: ஒரு பழைய மறுப்பின் வரலாறு

1/ கொல்லிமலையிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஒரு தம்பதி வந்தாங்க. மிளகு வித்த காசுல பிரீமியம் கட்டுறவங்க. அந்தம்மாவுக்குக் கர்ப்பப்பைக் கட்டியை எடுத்த ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்துடுச்சு. கடிதத்துல ஒரே வரி: குழந்தையின்மை சிகிச்சை, விலக்கு எண் 17. இந்த மறுப்புக்கு 50 வருஷ வரலாறு இருக்கு. பொறுமையா படிங்க.

2/ 1971, இங்கிலாந்து. உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் ஆய்வுக்காக ராபர்ட் எட்வர்ட்ஸும் பேட்ரிக் ஸ்டெப்டோவும் அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலிடம் நிதி கேட்டாங்க. கிடைக்கல. பாதுகாப்பு பற்றிய பயம் ஒரு காரணம். பிறப்பைக் குறைக்கணும்னு அரசுகள் நினைச்ச காலத்துல, குழந்தையின்மை முக்கியமான பிரச்சினையாவே தெரியலங்கிறது இன்னொரு காரணம்.

3/ தனியார் நன்கொடையில் வேலை தொடர்ந்தது. 1978 ஜூலை 25, லூயிஸ் பிரவுன் பிறந்தாள். எட்வர்ட்ஸுக்கு நோபல் பரிசு 2010ல்தான் வந்தது. ஸ்டெப்டோ அப்போது உயிரோடு இல்லை.

4/ அதே 1978 அக்டோபர் 3, கொல்கத்தா. டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் 'துர்கா' பிறந்தாள். மாநில அரசு அமைத்த குழு அவரை நம்ப மறுத்தது. 1981ல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986ல் மும்பையில் இந்தியாவின் 'முதல்' சோதனைக்குழாய் குழந்தை பிறக்கக் காரணமான விஞ்ஞானி டி.சி.ஆனந்த்குமாரே, முகர்ஜியின் குறிப்புகளைப் படிச்சுட்டு, 1997ல் 'முன்னோடி அவர்தான்'னு ஒத்துக்கிட்டார்.

5/ நம்ம நாடு 1952லேயே குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக்கியது. கருத்தடை ஆபரேஷன் இலவசம், ஊக்கத்தொகையும் உண்டு. குழந்தை வேணும்னு வர்றவங்க நிலத்தை அடமானம் வைக்கணும்.

6/ 2019 செப்டம்பரில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் (ஐஆர்டிஏஐ) விலக்குகளுக்கு ஒரே மாதிரி வாசகம் கொடுத்தது. எண் 17ல் கருத்தடை, ஐவிஎஃப், இக்சி, வாடகைத்தாய் எல்லாமே ஒரே பெட்டி. குழந்தை வேண்டாம் என்பவரும் வேணும்னு ஏங்குபவரும் ஒரே வரியில்!

7/ ஆனா மத்திய அரசு ஊழியர்களுக்கான சுகாதாரத் திட்டத்தில் 2011லேயே ஐவிஎஃப்-க்கு ஒரு சுழற்சிக்கு 65,000 ரூபாய் வரை, அதிகபட்சம் 3 முறை அனுமதிச்சாங்க. உலக சுகாதார நிறுவனமும் 2009லேயே இதை 'இனப்பெருக்க மண்டலத்தின் நோய்'னு வரையறுத்துடுச்சு. அரசு ஊழியருக்கு நோய், மிளகு விவசாயிக்கு விலக்கா?

8/ ஒண்ணை நேர்மையா சொல்லிடறேன். பாலிசியில் விலக்கு 17 இருந்தா, ஐவிஎஃப் செலவைக் கேட்டு ஜெயிக்கிறது கஷ்டம். ஆனா ஃபைப்ராய்டு, எண்டோமெட்ரியோசிஸ் எல்லாம் தனி நோய்கள். குழந்தை பெத்தவங்களுக்கும் வரும். அதிக ரத்தப்போக்கு, ரத்தசோகை, தாங்க முடியாத வலி, இதுக்காக செய்யும் ஆபரேஷன் குழந்தையின்மை சிகிச்சை ஆகாது. இங்கே போராடலாம்.

9/ எங்க தரப்பிலும் தப்பு உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியில் முதல் வரியா 'குழந்தையின்மை'னு எழுதிட்டு, ஹீமோகுளோபின் 7 இருந்ததை எழுதாம விட்டுடறோம். பொய் எழுதச் சொல்லல. முழு உண்மையையும் எழுதணும்.

10/ மறுப்பு வந்தா என்ன செய்யணும்?
• எந்த விதிப்படி மறுத்தாங்கன்னு எழுத்துல கேளுங்க. அதைச் சொல்வது அவங்க கடமை.
• ஆபரேஷன் ஏன் தேவைப்பட்டதுன்னு டாக்டர்கிட்ட கடிதம் வாங்குங்க. ஸ்கேன், பயாப்ஸி, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் சேருங்க.
• கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்க.
• 30 நாளில் பதில் இல்லைன்னாலும், திருப்தி இல்லைன்னாலும், சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். ஒரு வருஷத்துக்குள்ள போகணும். அவர் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும்.

11/ அந்தத் தம்பதிக்கு நான் கடிதம் எழுதிக் கொடுத்தேன். மனு போயிருக்கு, பதில் இன்னும் வரல. 'எங்க மேல தப்பில்லைன்னு எழுதி வந்தா போதும் சார்'னு அந்தம்மா சொன்னாங்க. மறுப்புக் கடிதத்தைப் பார்த்து வாய்மூடிப் போற யாராவது உங்க ஊர்ல இருந்தா, 10ஆம் பதிவை அவங்களுக்குக் காட்டுங்க.