தோட்டத்து டிரெசரும் பள்ளி மாணவரும்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், செபராங் பிறையின் வடக்கே உள்ள தாசேக் கெலுகோர் வட்டாரத்தில் மருத்துவத் தொழிலுக்குள் நுழைய ஆசைப்பட்ட இளைஞனுக்கு நெடுங்காலம் கண்ணெதிரே இருந்த உதாரணம் டாக்டர் அல்ல, தோட்டத்து டிரெசர். மலாக்கோஃப், மேஃபீல்டு போன்ற தோட்டங்களில் காய்ச்சல், வெட்டுக்காயம், வயிற்றுப்போக்கு எதுவானாலும் தொழிலாளர்கள் முதலில் போய் நின்றது அவரிடம்தான். ஆஸ்பத்திரி அசிஸ்டெண்ட் என்பது பதவியின் பெயர். லயம் எனும் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் வாழ்ந்த மக்கள் வாயில் அவர் கடைசிவரை டிரெசர்தான்.

இந்தப் பதவியை உருவாக்கியது கருணை என்பதைவிடச் சட்டம் என்பதே சரி. 1800இல் கெடாவிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்த இந்த நிலப்பகுதி, ப்ரோவின்ஸ் வெல்லஸ்லி என்ற பெயரில் கரும்புத் தோட்டங்களால் நிரம்பியது. ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்கள் அங்கே நடத்தப்பட்ட விதம் பற்றி 1870களில் புகார்கள் எழுந்தன. இந்தியக் குடியேறிகளின் பாதுகாப்புக்கென 1876இல் ஒரு சட்டம் வந்தது. நோயுற்ற தொழிலாளிக்கு வைத்தியம் பார்ப்பது முதலாளியின் பொறுப்பு என்பது அதன் பிறகு படிப்படியாகத் தொழிலாளர் சட்டங்களில் இடம்பிடித்தது. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு டாக்டரைக் குடியமர்த்த ஆளும் இல்லை, மனமும் இல்லை. பல தோட்டங்களுக்குச் சேர்த்து ஒரு டாக்டர் முறைவைத்து வந்து போவார். மற்ற நாட்களில் ஆஸ்பத்திரியின் முழுப் பொறுப்பும் டிரெசர் தலையில்.

அந்த வேலைக்கு ஆள் கிடைத்தது ஆங்கிலப் பள்ளிகளிலிருந்து. ஜார்ஜ் டவுனில் 1816இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலும் 1852இல் தொடங்கிய செயின்ட் சேவியர்ஸும் அரசுக்குக் குமாஸ்தாக்களைத் தந்ததுபோல மருத்துவத் துறைக்கும் பையன்களைத் தந்தன. ஃப்ரீ ஸ்கூலில் படித்த வூ லியன் தே, 1896இல் அரசியார் உதவித்தொகை பெற்று கேம்பிரிட்ஜ் போய் டாக்டரானார். பின்னாளில் மஞ்சூரியாவில் கொள்ளைநோயை அடக்கிப் புகழ்பெற்றார். அப்படிப்பட்ட வாய்ப்பு ஆயிரத்தில் ஒருவனுக்கு. உள்ளூரிலேயே மருத்துவக் கல்வி கொடுக்க 1889இல் எழுந்த யோசனை, போதிய மாணவர் தேறாததால் கைவிடப்பட்டது. 1905 ஜூலையில்தான் சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி திறந்தது. டான் ஜியாக் கிம் தலைமையில் வணிகர்கள் 87,077 டாலர் திரட்டிக் கொடுத்த பிறகே அதற்கும் வழி பிறந்தது. மற்றவர்களுக்கு மிஞ்சியது அரசு ஆஸ்பத்திரியில் பயிற்சி டிரெசராகச் சேர்ந்து, வேலை செய்துகொண்டே தேர்வெழுதி மேலே ஏறும் பாதை.

பாடப்புத்தகம் அந்தப் பாதையில் பின்னால்தான் வந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் கட்டுத்துணி மடிப்பான், மருந்துப் புட்டிகளைக் கழுவுவான், கொதிநீரில் கருவிகளைப் போட்டெடுப்பான். பிறகு மூத்தவர் புண்ணைக் கழுவிக் கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பான். தோட்டத்துக்கு வந்துவிட்டாலோ கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. விடியுமுன், ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் போய், வரிசையில் நிற்பவர்களுக்குக் கொய்னா கொடுத்து, கண்ணெதிரே விழுங்க வைக்க வேண்டும். கசப்புக்குப் பயந்து நாக்கடியில் ஒதுக்கி அப்புறம் துப்புகிறவர்கள் உண்டு. 1901 முதல் கிள்ளானில் மால்கம் வாட்சன் நடத்திய மலேரியா ஒழிப்பு வேலை, வடிகால் வெட்டிக் கொசுவைக் கட்டுப்படுத்தலாம் என்று காட்டியிருந்தது. ஆனாலும் தோட்டங்களில் கொய்னா புட்டி சீக்கிரம் ஓயவில்லை. ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் புண், சிரங்கு, கொக்கிப்புழுச் சோகை, பிரசவம் என்று நாள் நீளும். கூடவே, யார் நோயாளி, யார் வேலைக்குப் போக வேண்டியவர் என்று தீர்மானித்து, தோட்டக் குமாஸ்தாவான கிராணிக்குப் பட்டியல் அனுப்பும் அதிகாரமும் அவர் கையில் இருந்தது. நோயாளிப் பட்டியலில் பெயர் ஏறாதவன் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. டிரெசர் மேல் மரியாதையும் கசப்பும் சேர்ந்தே இருந்ததற்கு இதுவே காரணம். போதிய தகுதி இல்லாதவர்களையும் சில தோட்டங்கள் குறைந்த சம்பளத்துக்கு வைத்துக்கொண்டன.

தோட்டத்தில் பிறந்த தமிழ்ப் பிள்ளைக்கு இந்த வாசல் பெரும்பாலும் சாத்தியே கிடந்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளி தொடக்கக் கல்வியோடு முடிந்துவிடும்; டிரெசராக ஆங்கிலம் வேண்டும். அதனால் அந்த நாற்காலியில் யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும்தான் அதிகம் அமர்ந்தார்கள். லயத்துப் பெண்ணுக்கு ஆயா கொட்டகையில் குழந்தை பார்க்கும் வேலை, பையனுக்கு ஆஸ்பத்திரியைக் கூட்டித் துடைக்கும் வேலை என்ற அளவிலேயே மருத்துவத்தோடு உறவு நின்றது.

இரண்டாம் உலகப் போர் இந்த ஒழுங்கைக் கொஞ்ச காலம் கலைத்தது. 1941 டிசம்பரில் ஜார்ஜ் டவுன்மீது குண்டு விழுந்தபோது முதலுதவித் தொண்டர்களின் தேவை ஒரே நாளில் பெருகியது. 1943இல் நேதாஜி சிங்கப்பூரில் தொடங்கிய ஜான்சி ராணி படையில் மலாயாவின் தோட்டத்துப் பெண்களும் சேர்ந்தார்கள், பலர் பதின்பருவத்தினர். அப்படையின் தாதியர் பிரிவில் காயத்துக்குக் கட்டுப்போடக் கற்றவர்களுக்குப் பள்ளிச் சான்றிதழ் இல்லாதது தடையாக இருக்கவில்லை. போர் முடிந்ததும் பழைய நிலை திரும்பியது.

உண்மையான மாற்றம் கல்விச் சட்டங்களால் வந்தது. 1960களில் இடைநிலைப்பள்ளிக்கான நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டதும், தமிழ்ப்பள்ளி மாணவர்கள் புகுமுக வகுப்பு வழியாக இடைநிலைப்பள்ளிக்குப் போக முடிந்தது. ஆனால் அதே காலத்தில், வேலை பார்த்தே கற்கும் பாதை குறுகத் தொடங்கியது. தோட்ட ஆஸ்பத்திரி அசிஸ்டெண்டுகளைப் பதிவுசெய்யும் சட்டம் 1965இலும், மருத்துவ உதவியாளர்களைப் பதிவுசெய்யும் சட்டம் 1977இலும் வந்தன. நோயாளிகளுக்கு இது நன்மையே; அரைகுறையாகக் கற்றவர் ஊசி போடுவதை யாரும் விரும்பமாட்டார்கள். பயிற்சி முறையான கல்லூரிகளுக்குப் போய்விட்டது. தோட்டங்களும் மாறின: ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, நிலங்கள் துண்டாடப்பட்டன, குடும்பங்கள் பட்டணம் போயின, தோட்டத்து ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மலாக்கோஃப் என்ற பெயரை இன்று மலேசியர்கள் மின்சார நிறுவனமாகவே அறிவார்கள். தோட்ட நிறுவனமாக இருந்ததுதான் 1990களில் மின் உற்பத்திக்கு மாறியது.

இப்போது பள்ளி மாணவருக்கு எளிதில் எட்டும் முதல் மருத்துவ அனுபவம் சீருடை இயக்கங்களில் கிடைக்கிறது. மலேசிய செஞ்சிலுவைச் சங்கம் 1975இல் செம்பிறைச் சங்கமாகப் பெயர் மாறியது. அதன் பள்ளிக் குழுக்களும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் குழுக்களும் கட்டுப் போடுதல், தூக்குப்படுக்கையில் நோயாளியை நகர்த்துதல், மூச்சு நின்றவரின் மார்பை அழுத்துதல் ஆகியவற்றைச் சொல்லிக்கொடுக்கின்றன. பினாங்கு தைப்பூசத்தில் தண்ணீர்மலைப் பாதையோரம் இவ்வியக்கங்களின் முதலுதவிக் கூடாரங்களைக் காணலாம். வெயிலில் மயங்கியவரும் வெறுங்காலில் கொப்புளம் கண்டவரும் அங்கே வருவார்கள். அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 விழுக்காடு மதிப்பெண் உண்டு என்பதால், சேவை மனம் இல்லாதவர்களும் இவற்றில் சேர்வதுண்டு. தாசேக் கெலுகோருக்குப் பக்கத்திலேயே கெப்பாலா பத்தாஸில் அரசு மருத்துவமனையும், பெர்த்தாமில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கழகமும் இருக்கின்றன. கெடாவின் பீடோங்கில் மலேசிய இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) தொடங்கிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும் எட்டும் தூரம்தான். ஆனால் அங்கெல்லாம் நோயாளியைத் தொடுவதற்கு முன் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் தேர்ச்சியும் வகுப்பறைப் படிப்பும் வேண்டும்.