இரண்டு மணித்தியாலத்தில் காலியான ஊர்

ஹிட்லர் காலத்துக் கொடுமை என்றதும் பெர்லினும் வார்சோவும்தான் நமக்கு ஞாபகம் வரும். தென் ஜேர்மனியின் பாடன் மாநிலத்தில் யூதர்கள் பலர் சின்னச் சின்னக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள். மாட்டு வியாபாரம், குதிரை வியாபாரம், ஊர் ஊராகச் சாமான் கொண்டுபோய் விற்பது, இவைதான் பிழைப்பு.

கைலிங்கன் அப்படியொரு ஊர். ரைன் ஆற்றங்கரை, பாலத்தைத் தாண்டினால் சுவிட்சர்லாந்து. 17ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறிய யூதர்கள், 1850களில் ஊர்ச்சனத்தில் ஏறக்குறையப் பாதிப் பேர். 1870 முதல் 1884 வரை ஊர்த் தலைவராக இருந்த லியோபோல்ட் குகன்ஹைமும் யூதரே. அங்கே யாரும் யாருக்கும் அந்நியரில்லை.

1938 நவம்பர் 10ஆம் திகதி அவர்களுடைய தொழுகைப் பள்ளி தகர்க்கப்பட்டது. ஆண்களை டாஹாவ் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். வெளிநாடு போக முடிந்தவர்கள் போனார்கள். மிஞ்சியவர்களில் வயோதிபர் நிறையப் பேர்.

1940 ஒக்டோபர் 22. யூதர்களின் கூடாரப் பெருநாள் நாட்கள். பாடனிலும் அயல் பகுதியிலுமாகச் சுமார் 6500 பேர் பிடித்து ரயிலேற்றப்பட்டார்கள். கூடிப்போனால் இரண்டு மணித்தியால அவகாசம். ஆளுக்கு 50 கிலோ சாமான், 100 மார்க் காசு. (ஒக்டோபர் மாதம், இரண்டு மணித்தியாலம்: வடக்கிலிருந்து வந்த நம் வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.) கைலிங்கன் வயோதிபர் இல்லத்தில் இருந்தவர்களையும் விட்டுவைக்கவில்லை. போய்ச் சேர்ந்த இடம் பிரான்சில், பிரெனீஸ் மலையடியில் இருந்த குர்ஸ் முகாம். சேறு, குளிர், பசி. முதல் குளிர்காலத்திலேயே பலர் மௌத்தானார்கள். மிஞ்சியவர்களில் பலரை 1942 ஓகஸ்ட் தொடக்கம் ஔஷ்விட்சுக்கு அனுப்பினார்கள்.

என்னை அதிகம் உறுத்துவது ஊரில் பிறகு நடந்தது. பாடனில் அவர்கள் விட்டுப்போன கட்டில், அலுமாரி, மேசைவிரிப்பு எல்லாம் பகிரங்க ஏலத்துக்கு வந்தன. லோராக் என்ற நகரில் எடுத்த படங்கள் இருக்கின்றன. சாமான் வாங்கச் சனம் நெருக்கியடித்து நிற்கிறது. நகரத்தான் ஒருவன், யாருடைய அலுமாரியென்று தெரியாமல் வாங்கினேன் என்று சொல்லலாம். கிராமத்தான் எப்படிச் சொல்வது?

யூதர்களின் துயரத்தை எழுதினால், "அப்ப பலஸ்தீனம்?" என்று கேட்பவர்கள் நமக்குள் உண்டு. கேட்கட்டும். காஸாவில் வீடிழந்தவனுக்காகப் பேசுகிற நாக்கு, கைலிங்கன் கிழவிக்காகப் பேச ஏன் கூச வேண்டும்?

நினைவுகூரல் சுணங்கித்தான் வந்தது. கைலிங்கனின் பழைய யூதப் பாடசாலை இப்போது நூதனசாலை. மையவாடி இன்னும் இருக்கிறது. நெக்கார்சிம்மெர்ன் என்ற இடத்தில் பாடன் யூதர்களுக்கான நினைவிடம் ஒன்று உண்டு. இளைஞர்கள் ஊருக்கு இரண்டு கல்லாகச் செய்தார்கள். ஒரு கல் அந்த நினைவிடத்தில். மற்றது, அந்தக் குடும்பங்களை ஏற்றிப்போன ஊரிலேயே.